ஒட்டுவாரொட்டி

“எண்ணெய் தேச்சா பொடுகு போயிடும்னு உங்களுக்கு யார் சொன்னது?”

அவளுடைய தலைமயிரை வகிடு வகிடாகப் பிரித்து, விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டே கேட்டார் தோல் டாக்டரம்மா.

“மாமியார்தான் டாக்டர். தலை வறண்டு போனதாலதான் உதிருதுன்னாங்க. தினம் எண்ணெய் வச்சுட்டுத்தான் படுக்கிறேன். நடுநடுவுல எலுமிச்சம்பழம், தயிர், வெந்தயம்... எங்க வீட்டுச் சமையல்ல பாதி என் தலையிலதான் நடக்குது.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அதான் இப்படிப் புண்ணா இருக்கு. இது வறட்சி இல்லம்மா. எல்லார் தலையிலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை இருக்கும். என் தலையிலயும் இருக்கு, வெளியில டோக்கன் குடுக்கிற பொண்ணு தலையிலயும் இருக்கு. அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். எண்ணெய்ப் பசைதான் அதுக்குச் சாப்பாடு. நீங்க வேளாவேளைக்கு விருந்து வச்சிருக்கீங்க!”

அவளும் சிரித்தாள். தான் சிரித்து நாளாகிவிட்டது என்பது சிரித்த பிறகுதான் உறைத்தது.

ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை அவளுக்கு. கருநீலக் கோட்டுதான் சீருடை. தலை குனிந்து கையெழுத்து வாங்கும்போதெல்லாம் தோளில் மாவு சலித்தது போல் உதிரும். ஒரு நாள் மேனேஜர், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே அவள் தோளைக் காட்டி, “உள்ளே போய்த் தட்டிட்டு வாம்மா” என்றார். கழிவறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். ஆனாலும் அதற்காக அவள் இன்று இங்கே வரவில்லை.

“இந்த ஷாம்புவை வாரத்துக்கு ரெண்டு தடவை போடுங்க. போட்டவுடனே அலசிடாதீங்க, கொஞ்ச நேரம் ஊறட்டும். நகத்தால சொறியவே கூடாது. சரி, ராத்திரி தூக்கம் எப்படி? மனக்கவலை இருந்தாலும் பொடுகு கூடும்.”

அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள்.

“டாக்டர், இது ஒட்டுவாரொட்டியா?”

“அதை வேற யார் கிளப்பிவிட்டது?”

“என் வீட்டுக்காரர்.”

அதற்கு மேல் அடக்க முடியவில்லை, கொட்டித் தீர்த்தாள். முதலில் சீப்பைத் தனியாக வைக்கச் சொன்னான். பிறகு துண்டு, பிறகு தலையணை. கடைசியில், “எனக்கும் தொத்திக்கிட்டா என்ன பண்றது? கொஞ்ச நாளைக்கு ஹால்ல படுத்துக்கோ. குணமானதும் வா” என்றான். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருஷமாகிவிட்டது. அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை உதறிவிட்டுத்தான் அவன் உட்காருவான்.

“அவர் மேல தப்பில்ல டாக்டர். அவருக்கு நல்ல அடர்த்தியான முடி. பயம் இருக்காதா? என் தலைக்கு வந்த கேட்டுக்கு அவர் என்ன பண்ணுவார்?”

“நல்லா இருக்கு நியாயம்!” டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பொடுகு ஒட்டவே ஒட்டாதும்மா. பக்கத்துல படுத்தா ஒண்ணும் ஆகாது. இன்னிக்கே தலையணையை எடுத்துக்கிட்டு உள்ள போங்க.”

“நான் சொன்னா நம்ப மாட்டார். நீங்க ஒரு வார்த்தை...”

“வரச் சொல்லுங்க. நாலு வார்த்தையே சொல்றேன்.”

அவள் வெளியே வந்து போன் செய்தாள். சுவரில் புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. மூலையில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். போன மாதம்தான் கிளினிக் வேறு இடத்திலிருந்து இங்கே மாறி வந்திருந்தது.

“எங்கே இருக்கே?” என்றான் அவன்.

“ஒரு டாக்டர்கிட்ட வந்தேங்க, தலையைக் காட்ட. பாலத்துக்குப் பக்கத்துல புதுக் கட்டடம், முதல் மாடி. உங்ககிட்டயும் பேசணுமாம்.”

“பொடுகுக்கு என்கிட்ட என்ன பேச்சு? உனக்கு வேற வேலையே இல்லையா?” சலித்துக்கொண்டான். “சரி, அந்த வழியாத்தான் வர்றேன். வந்து தொலையறேன்.”

பெஞ்சில் காத்திருந்தபோது அவள் மனசு வீட்டுக்குப் போய்விட்டது. போனதும் கட்டில் விரிப்பை மாற்ற வேண்டும். புதுத் தலையணை உறை ஒன்று பீரோவில் இருக்கிறது. அவன் முகம் சுளித்தாலும் இன்றைக்குப் பரவாயில்லை, டாக்டரே சொல்லிவிட்டாரே! நினைக்க நினைக்கக் கல்யாணமான புதிது போல வெட்கமாகக்கூட இருந்தது.

மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்தாள். அதே நேரத்தில் அடுத்த நோயாளியைக் கூப்பிட டாக்டரம்மா கதவைத் திறந்தார். கடைசிப் படியில் ஏறிய அவன், அப்படியே நின்றுவிட்டான். மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்தாள் அவள்.

“அடடே, வாங்க சார்! நாங்க இடம் மாறினது எப்படித் தெரிஞ்சுது? உங்க மனைவி வரலையா? இப்ப அவங்க தலை எப்படி இருக்கு?” என்ற டாக்டரம்மா, உற்சாகமாக அவள் பக்கம் திரும்பினார். “நல்ல வேளைம்மா, சாட்சிக்கு ஆளே வந்துட்டார்! உங்க வீட்டுக்காரர் வந்ததும் இவர்கிட்டயே கேக்கச் சொல்லுங்க. இவர் மனைவிக்கு உங்களைவிட மோசமான பொடுகு. ‘தனியாப் படுக்க மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், பக்கத்துல அவ இல்லேன்னா எனக்குத் தூக்கமே வராது’ன்னு இந்த மனுஷர் என்னைக் கெஞ்சினார்!”