முஆத் போட்ட மனு

"குறியே பார்க்க வேணாம், துப்பாக்கி தானாத் திரும்பி எதிரியைச் சுடுது. இதெல்லாம் ஒரு கேமா?" சிங்கப்பூரின் பொங்கோல் வீட்டு சோஃபாவில் முஆத் கொதித்தான். "முன்னெல்லாம் மாசக்கணக்கா பழகணும். இப்ப நேத்து வந்தவனும் சாம்பியன்!"

"பிடிக்கலைன்னா அந்த உதவியை ஆஃப் பண்ணிட்டு விளையாடுங்களேன்," என்றாள் மனைவி சாதியா.

"நான் வாங்கின அன்னைக்கே ஆஃப் பண்ணிட்டேன். யாருக்குமே இருக்கக் கூடாது லா."

கேம் கம்பெனிக்கு மனுப் போட்டான். நாலாயிரம் பேர் ஆதரித்தார்கள். அடுத்த மாதமே கம்பெனி அந்த வசதியை எடுத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை முஆத் உற்சாகமாக உட்கார்ந்தான். பதினோரு ஆட்டம் ஆடினான். பதினொன்றிலும் தோல்வி.

"கன்ட்ரோலர் கெட்டுப்போச்சு போல."

"அது நல்லாத்தான் இருக்கு," சாதியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷம் முன்னாடி வேலை போனப்ப, இதுலயும் தினம் தோத்துட்டு, சாப்பிடாமப் படுத்தீங்க. பார்க்க முடியல. நான்தான் செட்டிங்ஸ்ல அந்த உதவியை ஆன் பண்ணி வச்சேன்."

முஆத் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். அவள் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"அதுக்கு அடுத்த வாரமே இன்டர்வியூல ஜெயிச்சேனே, அதுவும் நீதானா?"

"அதுக்கு செட்டிங்ஸ் எங்க இருக்கு? அது நீங்களேதான்."