கோமுகியின் முதல் உடை

"நிறுத்துங்க, நிறுத்துங்க! உங்க பேண்ட்டையும் சேர்த்துத் தைச்சிட்டீங்க!"

ஷுஹெய் குனிந்து பார்த்தான். உண்மைதான். வெள்ளை அங்கியின் ஓரம் அவன் முழங்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ரைஸ் குக்கர் மேல் சாய்த்து வைத்த போனில் இபுகி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒசாகாக்காரி. பத்து வருஷமாக கோஸ்ப்ளே செய்கிறவள். தொடர்களில் வரும் பாத்திரங்களைப் போல உடை தைத்துப் போட்டுக்கொண்டு விழா விழாவாகப் போகிறவள்.

இன்று காலைதான் ஷுஹெய் மனைவியின் போனிலிருந்து அவளை அழைத்தான். "நான் கோமுகியோட கணவன். அவ ஆரம்பிச்ச நரி வீராங்கனை உடையை நான் முடிக்கணும். சொல்லித் தர முடியுமா?"

கோமுகி என்பது அந்த உலகத்துக்காக மனைவி வைத்துக்கொண்ட பெயர். இபுகியும் அப்படி ஒரு பெயர்தான். இரண்டு வருஷமாக இருவரும் தினமும் எழுதிக்கொண்டார்கள். நேரில் பார்த்ததில்லை. நிஜப் பெயரைக் கேட்டதுமில்லை. அங்கே யாரும் கேட்பதில்லை.

ஷுஹெய் கத்தரியால் நூலை வெட்டிக் காலை விடுவித்துக்கொண்டான்.

"இருந்தாலும் பாராட்டணும் ஷுஹெய்-சான். என் ஆளு ஒரு பொத்தான் தைக்க மாட்டான். உங்ககிட்ட டியூஷனுக்கு அனுப்பட்டுமா?"

"அடுத்து என்ன செய்யணும்?"

"என்ன பறக்குறீங்க? ஞாயித்துக்கிழமைதானே விழா? இன்னைக்கு வியாழன்."

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள வேணும்."

"ஓஹோ, இன்னைக்கே போட்டுப் பார்க்கணுமா? சரி, பின்னால ஜிப் வெச்சிடலாம்."

"ஜிப் கூடாது." ஷுஹெய் மேஜையிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தான். "உலோகம் கூடாது. பிளாஸ்டிக், ரப்பர், தோல், கண்ணாடி எதுவும் கூடாது."

"எந்தப் புண்ணியவான் போட்ட விதி இது? விமான நிலையத்துலகூட பெல்ட்டைக் கழட்டினா விட்டுடறான்! அப்போ விக்?"

"நைலான். வேணாம். சொந்த முடியே போதும். காலையில நானே சீவிவிட்டேன்."

"அடேங்கப்பா! வாள்?"

"அட்டை. மாவைக் காய்ச்சி ஒட்டினேன்."

"மாவுப் பசையா? பட்டம் ஒட்டுற சின்னப் பசங்க வேலை! மழை பெய்ஞ்சா நரி வீராங்கனை கையில கூழ்தான் இருக்கும்."

ஷுஹெய் அட்டை வாளை ஓரமாக வைத்தான். காகிதத்தில் செய்த இரண்டு நரிக்காதுகளை எடுத்துப் போனுக்குக் காட்டினான். ஒன்று பெரிது, ஒன்று சின்னது.

"பரவாயில்ல, ஒரு பக்கம் கொஞ்சம் காது மந்தம்னு சொல்லிக்கலாம்" என்றாள் இபுகி. "ஏன், கோமுகியே தைக்கப் போறதா சொன்னாங்களே? துணி வெட்டின படமெல்லாம் அனுப்பினாங்க."

"வெட்டினதோட நின்னுபோச்சு. நேரம் கிடைக்கல."

"அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். தோள்ல வெச்சுப் பார்த்துடலாம்."

"வேணாம். அளவு எடுத்துட்டேன். காலையில, படுத்திருந்தப்ப."

"தூங்குறப்பவே எடுத்தீங்களா? திருட்டு மனுஷன்! கண்ணு முழிச்சதும் சந்தோஷத்துல ஆடிப்போயிடுவாங்க."

ஷுஹெய் பக்கத்து அறையின் மூடிய கதவைப் பார்த்தான். பிறகு ஊசியில் நூல் கோக்க முயன்றான். மூன்று தடவை தவறியது. நான்காவது தடவை நூல் நுழைந்தது.

அதற்குப் பிறகு இபுகி சொல்லச் சொல்லத் தைத்தான். அங்கிக்குக் கை வந்தது. இடுப்புக் கச்சை வந்தது. விரலில் இரண்டு இடத்தில் குத்திக்கொண்டான். துணியில் ரத்தம் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டு இடது கையால் கச்சையை மடித்தான்.

"ஞாயித்துக்கிழமை உடை மாத்துற அறை வாசல்லயே நான் நிப்பேன்" என்றாள் இபுகி. "கோமுகி தன் பேரைப் போட்டு அச்சடிச்ச கார்டுல முதல் கார்டு எனக்குத்தான். ரெண்டு வருஷம் காத்திருக்கேன். சொல்லிடுங்க."

"ம்."

"என்ன 'ம்'? கல்யாணத்தப்பவும் 'ம்'னுதான் சொன்னீங்களா?"

"ஆமா. அவ சிரிச்சுட்டா."

மணி மூன்றே முக்கால். ஷுஹெய் கடைசி முடிச்சைப் போட்டான்.

"எங்கே, தூக்கிக் காட்டுங்க. முதல்ல முதுகுப் பக்கம்."

அவன் காட்டினான். இபுகி வீறிட்டாள்.

"ஐயோ! முதுகு முழுக்கத் திறந்து கிடக்கே! கூட்டத்துல எப்படி நிப்பாங்க?"

"இப்படித்தான் வேணும். கையைத் தூக்காமப் போட்டுவிடணும்."

"கையைத் தூக்காமலா? என்னங்க, கோமுகிக்கு கையில அடியா? ஞாயித்துக்கிழமை வருவாங்கதானே?"

ஷுஹெய் அங்கியைத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினான். மார்பில் இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போயின. இவ்வளவு நேரத்தில் அவன் கோணாமல் தைத்தது அந்த ஒரு இடம்தான்.

இபுகி போனுக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"ஷுஹெய்-சான், பிரிங்க. உடனே பிரிங்க. வலது பட்டையை மேல விட்டிருக்கீங்க. இடதுதான் மேல வரணும், சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வலது மேல வந்தா அது பிணத்துக்கு உடுத்துற முறை!"

"தெரியும்" என்றான் ஷுஹெய்.

வாசலில் மணி அடித்தது. அவன் அங்கியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அவளைத் தகனப் பெட்டியில வைக்க வந்துட்டாங்க."