மனுதாரருக்கு மின்விசிறி

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், கைதிகளின் உரிமை வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள்!"

வார்டர் பக்கிரிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பை வாசித்தார். கொட்டடிக்குள் சவரிமுத்து சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். தகரக் கூரையின் வெக்கையில் அவனுக்கு மூச்சு இழுத்தது. மின்விசிறி கேட்டு வழக்குப் போட்டு மூன்று கோடை போய்விட்டது. கைதிகளைக் கோர்ட்டுக்கு இழுத்தடிக்க வேண்டாமென்று, கம்ப்யூட்டரில் அவனைப் போலவே செய்த மின்னுருவம்தான் அவனுக்குப் பதிலாகக் கூண்டேறியது. நன்றாக அழுததாம்.

"ஜெயிச்சிட்டியே சவரி! மனுதாரர் அறையில உடனே ஃபேன் மாட்டணும்னு உத்தரவு."

"எப்பங்கய்யா மாட்டுவாங்க?"

"மாட்டியாச்சுப்பா. மனுதாரர்னா கோர்ட்டுல நின்னவருதானே? கம்ப்யூட்டருக்குள்ள அவரு அறையில சுத்துது பாரு."

வார்டர் கம்பிக்கு வெளியே நீட்டிய திரையைச் சவரி பார்த்தான். விசிறி ஜோராகத்தான் சுற்றியது. அதன் கீழே அவன் முகத்தோடு ஒருவர் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"அப்ப எனக்கு?"

"நீ கோர்ட்டுக்கே வரலியேப்பா."

சவரி சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டான்.

மறுவாரம் மனுதாரர் புதிதாக ஒரு மனுப் போட்டார். ராத்திரியில் குளிருகிறதாம், கம்பளி வேண்டுமாம்.

கொடுத்துவிட்டார்கள்.