ஏலக்காய் டப்பா மூடி

“தெரியுதுங்களா?” காபியோடு மொட்டை மாடிப் படியேறிக்கொண்டே கேட்டாள் சொர்ணலதா.

“ஹௌது, தெரியுது. நடுவுலதான் நிக்குது” என்றான் காளிதாஸ், தொலைநோக்கிக் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே.

விளக்கு வைக்கிற நேரம் தாண்டி நன்றாக இருட்டியிருந்தது. மின்வெட்டு. மைசூர் அக்ரஹாரம் முழுக்கச் சலித்துக்கொள்ள, இந்த ஒரு மாடி மட்டும் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

கணவனும் மனைவியும் ஒரே ஒரு படத்துக்காகத் தவம் கிடக்கிறார்கள். ஆண்ட்ரோமிடா, நமக்குப் பக்கத்து கேலக்ஸி. கேமராவை முக்கால் மணி நேரமாவது திறந்து வைத்தால்தான் அது ஃபிலிமில் விழும்.

அதற்குள் வானம் நகர்ந்துவிடும். மோட்டார் என்னதான் குழாயைத் திருப்பினாலும் கொஞ்சம் பிசகும். அதனால் பெரிய தொலைநோக்கியின் முதுகில் ஒரு சின்னத் தொலைநோக்கி. அதில் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்கிழையின் நடுவே நிறுத்தி, அது நழுவ நழுவத் திருகைத் திருப்பிக் கூடவே போக வேண்டும். கண்ணை எடுத்தால் போச்சு.

அந்த வேலை காளிதாஸுடையது. கேலக்ஸியைத் தேடிக் கொடுத்துவிட்டுக் காபி போடப் போவது சொர்ணலதாவின் வேலை.

ஒரு வருஷமாக ஒரு படமும் தேறவில்லை. ஸ்டூடியோவில் கழுவி வாங்கினால் நட்சத்திரங்கள் புள்ளியாக இருப்பதில்லை. சேமியாவைக் கொட்டி வைத்ததுபோல் இருக்கும்.

காளிதாஸ் யாரைத்தான் குற்றம் சொல்லவில்லை? மோட்டாரை மாற்றினான். பல்சக்கரத்தைத் தானே கடைந்தான். ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறவனுக்கு அது பெரிய காரியமில்லை. துருவ நட்சத்திரம் மைசூரில் இவ்வளவு தாழ்வாகவா நிற்க வேண்டும் என்று அதை மறைக்கும் பக்கத்து வீட்டுத் தென்னையைத் திட்டினான். குறுக்கிழை தடிமன் என்றபோது, சொர்ணலதா கொள்ளேகாலில் பிறந்த வீட்டுக்குப் போய்ப் பட்டுக்கூடு கொண்டுவந்து, ஒற்றை இழை பிரித்து ஒட்டிக் கொடுத்தாள். சின்னக் குழாயின் மூடி தொலைந்தபோது அவளுடைய ஏலக்காய் டப்பா மூடியும் மாடிக்குப் போனது. அன்றிலிருந்து வீட்டில் ஏலக்காய்க்கு மணமில்லை.

இதுதான் கடைசி என்று நேற்றுச் சொல்லிவிட்டான். இந்த ஃபிலிமும் சேமியாவானால் எல்லாவற்றையும் கழற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவானாம். சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் சாப்பிடாமல் எழுந்துவிட்டான்.

தொண்ணூற்றாறில் வால்நட்சத்திரம் வந்தபோது அக்ரஹாரமே இந்த மாடியில் வரிசை கட்டி நின்றது. அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த முகம் போய்விடுமோ என்று சொர்ணலதா பயந்தாள்.

காபியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

சின்னக் குழாயின் வாயில் ஏலக்காய் மூடி அப்படியே இருந்தது.

காளிதாஸ் மூச்சை அடக்கித் திருகை ஒரு நூல் திருப்பினான். “தெரியுது” என்றான் மறுபடியும்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. உள்ளே அவனுக்குத் தெரிவது குறுக்கிழை தெரிவதற்காக வைத்த குட்டிச் சிவப்பு விளக்கில் மின்னும் பட்டிழை மட்டும்தான்.

இருட்டினால் ஸ்கூட்டரைத் தொடமாட்டான்; பேட்டரி மோட்டாருக்கு வேண்டும் என்பான். வெயில் தாழும் முன்பே மாடிக்கு வந்துவிடுவான். வேலை முடிந்து இறங்கும்போது அவள் தோளைப் பிடித்துக்கொள்வான். அதை அவள் ஆசை என்று நினைத்திருந்தாள், பைத்தியக்காரி.

கல்யாணத்தன்று பட்டப்பகலில் புரோகிதர் அருந்ததி தெரிகிறதா என்று கேட்க, இரண்டு பேரும் கண் கூசத் “தெரியுது” என்றார்கள். அது ஊரே சொல்லும் பொய். இன்று அதையே மனுஷன் இருட்டில் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ராத்திரியில் கண் தெரியவில்லையா என்று கேட்க வாய் வரவில்லை. சத்தமில்லாமல் மூடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நகருங்க. இன்னைக்கு நான் புடிக்கறேன். நீங்க கேமராவப் பாத்துக்கங்க.”

சண்டைக்கு வருவான் என்று நினைத்தாள். அவனோ உடனே எழுந்து இடம் கொடுத்தான். தடவித் தடவி ஷட்டர் ஒயரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

நட்சத்திரம் ஓர் ஓரமாக நின்றது. அதை மெல்ல இழுத்துக் கொள்ளேகால் பட்டின் நடுவே நிறுத்திவிட்டு, “ம்” என்றாள். அவன் ஷட்டரைத் திறந்தான்.

அது நழுவியது, அவள் விடவில்லை. கழுத்து மரத்தது. காபி ஆறியது. கரண்ட் வந்துவிடக் கூடாதே என்று சாமுண்டியை வேண்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஸ்டூடியோ வாசலில், நல்ல வெயிலில், காளிதாஸ் படத்தைப் பிரித்தான்.

ஊசியால் குத்தியதுபோல் நட்சத்திரங்கள். நடுவே சாய்வாக ஒரு வெண்புகை. பகல் வெளிச்சத்தில் அவனுக்கு ஒரு புள்ளியும் தப்பவில்லை. விரலை வைத்து வைத்துப் பார்த்தான். வால்நட்சத்திர வருஷத்து முகம் திரும்பி வந்திருந்தது.

“தெரியுது” என்றான். குரல் உடைந்தது.

கண் டாக்டரிடம் போகலாமா என்று கேட்க அவள் ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். மூடியைப் பற்றி மட்டும் மூச்சு விட்டிருக்கவில்லை, விடப்போவதுமில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“அந்த ஏலக்கா மூடிய நான்தான் மாட்டி வெச்சேன், சொர்ணா. வாயால சொல்ல வரல. நீ எப்பக் காபி எடுத்துட்டு வருவேன்னு உக்காந்திருந்தேன்.”