வேலியில் ஒரு ஓட்டை

'நுழையக் கூடாது. மீறுவோர் மீது வழக்குப் பதிவு செய்யப்படும்' என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் இருந்ததைத் துணைத் தலைமையாசிரியர் மறுபடியும் படித்தார். அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே கம்பி வேலியில் ஒரு ஆள் தாராளமாக நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது.

"குனிஞ்சு வாங்க மாப்ள. சட்டை மாட்டிக்கப் போகுது" என்று ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார் மச்சான்.

மனைவியின் அண்ணன். எந்த ஊருக்குப் போனாலும் நாலு பேர் போகிற வழியில் போனால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. தேசியப் பூங்காவுக்கு வந்த கூட்டமெல்லாம் ஏரிக்கரைப் பாதையில் முட்டி மோதிக்கொண்டிருக்க, அவர் மட்டும் தன் அலுவலகத்தில் யாரோ காதோடு காதாகச் சொன்ன இந்த ஓட்டையைத் தேடிப் பிடித்து வந்திருந்தார்.

துணைத் தலைமையாசிரியருக்கு அடுத்த வாரம் தலைமையாசிரியர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. வருஷக்கணக்காகக் காத்திருந்து இப்போதுதான் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. இந்த நேரம் பார்த்து கேஸு கீஸு என்று ஏதாவது வந்தால் எல்லாம் அம்பேல். இதை மனைவியிடம் சொன்னார். அண்ணன் இருக்கும்போது என்ன பயம் என்று கேட்டுவிட்டு அவளும் ஓட்டைக்குள் நுழைந்துவிட்டாள். தன் பயமே அந்த அண்ணன்தான் என்று அவர் சொல்லவில்லை. இத்தனை வருஷ இல்லறத்தில் அந்த அளவு புத்தி வந்திருந்தது. அவரும் குனிந்தார்.

உள்ளே முள்ளும் புதரும் இருக்கும் என்று நினைத்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் மரப்படிகள், பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகள். ஓடைக்கு மேலே புத்தம் புதுப் பலகைப் பாலம். வளைவுக்கு வளைவு நிழலில் ஒரு பெஞ்சு. குடிநீர்க் குழாயைத் திருகினால் தண்ணீர்கூட வந்தது. எதிரே வந்த இன்னொரு குடும்பம் இவர்களைப் பார்த்து ஒரு திருட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு ஒதுங்கிப் போனது.

"இதெல்லாம் யாருக்குன்னு நினைக்கிறீங்க? பெரிய ஆளுங்களுக்கு மாப்ள. நம்ம வரிப்பணத்துல கட்டிட்டு, நமக்கு வேலியப் போட்டுட்டு, அவங்க குடும்பத்தோட வந்து காத்து வாங்குறாங்க" என்றார் மச்சான்.

மச்சான் சொல்லி எதையும் நம்பி வழக்கமில்லாத துணைத் தலைமையாசிரியர் இதை நம்பினார். கீழே ஏரிக்கரையில் ஜனங்கள் புழுதியில் நகர முடியாமல் நகர்வது தெரிந்தது. அநியாயம் என்று முணுமுணுத்தார். கோபம் வந்ததும் பயம் கொஞ்சம் விட்டது. அநியாயமாகக் கட்டிய அந்தப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, நன்றாக இளைப்பாறிவிட்டுத்தான் எழுந்தார்.

பாதை முடிகிற இடத்தில், பள்ளத்தாக்கைப் பார்க்கக் கட்டியிருந்த மேடையில், பூங்காவின் ரேஞ்சரும் ஒரு வனக் காவலரும் நின்றிருந்தார்கள்.

ரேஞ்சர் முதலில் போர்டு கண்ணில் படவில்லையா என்று கேட்டார். பிறகு என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சும்மா ஒரு பள்ளிக்கூடத்தில் என்று இழுத்தார் துணைத் தலைமையாசிரியர்.

"வருங்கால ஹெட்மாஸ்டர்" என்று பெருமையோடு சொல்லிக்கொடுத்தார் மச்சான்.

"பசங்களுக்குச் சட்டத்தை மதிக்கச் சொல்லிக் குடுக்குறவரே வேலி தாண்டலாமா சார்? கேஸ் போட்டுத்தான் ஆகணும்" என்றார் ரேஞ்சர்.

தலைமையாசிரியர் நாற்காலி கால் முளைத்து நடந்து போவதைத் துணைத் தலைமையாசிரியர் கண்ணெதிரே பார்த்தார். அழுகையே வந்துவிட்டது. மச்சானோ மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"தாராளமா போடுங்க. ஊர்ப் பணத்துல பாதை போட்டு யாருக்காக ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு நாங்களும் நாலு இடத்துல பேசுறோம்."

ரேஞ்சரின் முகம் மாறியது. காவலரைப் பார்த்தார். காவலர் வானத்தைப் பார்த்தார். துணைத் தலைமையாசிரியரைத் தனியே அழைத்துப் போன ரேஞ்சர், குரலைத் தாழ்த்திக் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"இந்தத் தடவை விட்டுடறேன் சார். ஆனா இப்படி ஒரு வழி இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என் வேலையே போயிடும்."

துணைத் தலைமையாசிரியர் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் மச்சானைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அது கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு இதுவரை தோன்றாத ஆசை.

முதல் வளைவைத் தாண்டுவதற்குள் மச்சான் போனில் தன் நண்பரிடம், யாரிடமும் சொல்லிவிடாதே என்ற எச்சரிக்கையோடு வழியை விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி தங்கைக்குப் படம் அனுப்பினாள். ஆசிரியர்கள் அறையில் மட்டும் சொன்னால் அது சத்தியத்தை மீறியதாகுமா என்று துணைத் தலைமையாசிரியர் யோசித்துக்கொண்டே நடந்தார்.

அவர்கள் மறையும் வரை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காவலர் ரேஞ்சரிடம் திரும்பினார். ஏரிக்கரைக் கூட்டத்தில் ஒரு பங்கு இந்தப் பக்கம் திரும்பியதிலேயே நாரையெல்லாம் திரும்பி வந்து கூடு கட்ட ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். ஆனால் வாகனம் நிறுத்துகிற இடத்தில் புதிதாகக் கட்டிய கழிப்பறைக்குத்தான் ஒருவரும் போகவில்லை, எல்லோரும் இன்னும் புதர்ப்பக்கமே ஒதுங்குகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"'அனைவரும் வருக'ன்னு போர்டு வச்சிருந்தப்ப இந்தப் பாதைக்கும்தான் ஒரு ஈ காக்கா வரல" என்றார் ரேஞ்சர். "அங்கேயும் 'நுழையக் கூடாது'ன்னு எழுதி ஒரு பூட்டைப் போட்டு, அதை நீயே உடைச்சு விட்டுடு."