பதினோரு ராக்கெட்

"இந்தக் கதையிலயும் ராக்கெட்தான் வருது ராணி. பரவாயில்லையா?"

"விண்வெளிப் பயணக் கதைகள்னு அட்டையில போட்டிருக்கு. உள்ள ராக்கெட் வராம, தாம்பரம் - பீச் லோக்கல் டிரெயினா வரும்? படிங்க."

லாசரஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கட்டிலில் அமலராணி குப்புறப் படுத்திருந்தாள். நெற்றிக்கு அடியில் ஒரு தலையணை, நெஞ்சுக்கு அடியில் இன்னொன்று.

அவளுக்கு வலது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் குமிழ் விழித்திரையை அழுத்திப் பிடிப்பதற்காகப் பன்னிரண்டு நாள் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்கவேண்டும். இடது கண் ஏற்கெனவே மங்கல். பார்வை திரும்புமா என்று லாசரஸ் தனியாகப் போய்க் கேட்டபோது, "பாதிக்குப் பாதி" என்றார் டாக்டர். அதை லாசரஸ் வீட்டில் சொல்லவில்லை.

அமலராணி சேலையூர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். அறிவியல் கதை, மாயாஜாலக் கதை என்றால் சாப்பாடு வேண்டாம். அதிலும் ஒரே கருவை எடுத்துக்கொண்டு ஆளுக்கொன்றாக எழுதிய தொகுப்புகள் என்றால் உயிர். ரோபோ கதைகள் ஒரு மாதம், டிராகன் கதைகள் ஒரு மாதம் என்று வாடகை நூலகத்திலிருந்து எடுத்துவந்து தீர்த்துக்கொண்டிருந்தாள். லாசரஸ் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் பைபிளையும் பேப்பரையும் தவிர எதையும் கையால் தொட்டதில்லை.

குப்புறப் படுத்த முதல் நாளே உத்தரவு வந்துவிட்டது. நூலகத்தில் நீல அட்டைத் தொகுப்பு ஒன்று இருக்கும், பதினோரு கதை, தினம் ஒன்று படித்துக் காட்ட வேண்டும்.

"ஒரே விஷயத்தைப் பதினோரு பேரு எழுதணுமா? எங்க கம்பெனில ஒரே பார்ட்டைப் பதினோரு பேரு பதினோரு அளவுல செஞ்சா மொத்தமும் ரிஜெக்ட்" என்றார் அவர்.

"கதை என்ன பிஸ்டனா? ஒரே கணக்கைப் பதினோரு பிள்ளைங்க பதினோரு வழியில போட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஆபீஸ் சர்க்குலர் படிக்கிற மாதிரி படிக்காம, கொஞ்சம் ஏத்த இறக்கமாப் படிங்க."

மறுநாளிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி, முகம் கழுவி, செல்போனை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

இன்று நான்காவது கதை. சனிக் கிரகத்துக்குப் போன ரஷ்யன் ஒருவனின் கதை. லாசரஸ் கடகடவென்று படித்துக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். பிறகு நிதானமாகப் படித்தார்.

"எப்படியோ எஞ்சினைச் சரிபண்ணி அவன் ஊருக்கு வந்து சேர்ந்தான். வீட்டுல பொண்டாட்டி சுடச்சுட ஆப்பம் சுட்டு வச்சிருந்தா. முற்றும்."

"ரஷ்யாக்காரன் வீட்டுல ஆப்பமா?"

"மொழிபெயர்ப்பு. அப்படித்தான் இருக்கும்."

"எப்படியோ சரிபண்ணான்னா, எப்படி?"

"அதை எழுதினவனைக் கேளு. நான் படிக்கிறவன்."

தலையணைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுடைய தோள் குலுங்கியது.

"அசையாத. குமிழு நகந்துடப் போவுது."

ஏழாவது கதை முடிந்ததும் அமலராணி சொன்னாள்: "எல்லாரும் டாண்ணு வீட்டுக்கு வந்துடறாங்களே. உங்க கம்பெனி பஸ்கூட இவ்வளவு ஒழுங்கா வராது."

"நல்ல ஆளுங்க. கெட்டுப்போற வழக்கம் இல்லை" என்றார் லாசரஸ்.

பதினோராவது கதை ஒரு தம்பதியைப் பற்றியது. மனைவி கண்ணாடிப் பேழைக்குள் உறைந்து தூங்குகிறாள். கணவன் தனியாகக் கப்பலை ஓட்டுகிறான், நாற்பது வருடம். பாதிவரை நன்றாகப் படித்துக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"என்ன, சத்தத்தைக் காணோம்?"

"பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு."

வெகுநேரம் கழித்துத்தான் மீதியைச் சொன்னார். "அவ கண்ணைத் திறந்தா. அவனை நல்லாப் பார்த்தா. வயசாயிடுச்சே உங்களுக்குன்னு சிரிச்சா. ரெண்டு பேரும் அவங்க வீட்டு வாசல்ல இறங்கினாங்க. முற்றும்."

அன்று அமலராணி கிண்டல் செய்யவில்லை. கையை நீட்டித் துழாவி, அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். இரவு ஜெபம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். சுவரில் இருந்த எழுத்துகளை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தவள், கடைசிக்கு முந்தின வரியில்தான் தடுமாறினாள். போதும் போதும் என்று டாக்டர் சிரித்தார். லாசரஸ் வராந்தாவுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே நீலப் புத்தகத்தைப் பைக்குள் திணித்தார்.

"லைப்ரரில கொடுத்துட்டு வந்துடறேன். வேற யாரோ கேட்டாங்களாம்."

"கொடுங்க, ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கறேன்."

"கண்ணுக்கு ரெஸ்ட் கொடுக்கச் சொன்னாரே. உள்ள இருக்கறது எல்லாம் நான் படிச்ச அதேதான்."

"புதுப் புத்தகம்னா நீங்க பக்கம் தாண்டினா எனக்குத் தெரியாதுன்னுதான், ஏற்கெனவே ரெண்டு தடவை படிச்சதா எடுத்துட்டு வரச் சொன்னேன்" என்றாள் அமலராணி.

லாசரஸின் கை பையிலேயே நின்றது.

"போனவங்க திரும்பி வராத கதைகளா மட்டும் தேடிச் சேர்த்த தொகுப்புங்க அது. பதினொண்ணுல ஒருத்தர்கூட வீடு வந்து சேரலை, அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்தது நீங்கதான்."