கழற்றி வைத்த பெட்டி

கஜீபன், எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டி விடும் பழைய எயார் பில்டர் பெட்டியைக் காரிலிருந்து கழற்றி முற்றத்தில் வைத்துவிட்டு, கொழும்பிலிருந்து எடுப்பித்த புதியதைப் பூட்டி முடித்தான்.

"பிள்ளை பிறக்கிற கிழமையிலை ஏனப்பா உந்தப் பெட்டியைக் கழட்டினனீங்கள்?" என்று கேட்டபடி, அவன் மனைவி தயாளினி காருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள்.

எஞ்சினை அவன் இன்னும் ஸ்ரார்ட் பண்ணவில்லை. முருங்கை இலைகூட அசையவில்லை. ஆனாலும் கற்பூரச் சுடர், கழற்றி வைத்த பெட்டியின் வாயை நோக்கிச் சாய்ந்தது. நிமிர்ந்தது. திரும்பவும் சாய்ந்தது.

கஜீபன் குனிந்து அந்த வாயை உள்ளங்கையால் பொத்தினான்.

"எனக்கு மூச்சு முட்டுது," என்றாள் தயாளினி.

அவன் கையை எடுத்தான். "இப்ப?"

"இப்பப் பரவாயில்லை."

இரண்டு நாள் கழித்து, தயாளினிக்குப் பிரசவநோ எடுத்து ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டபோது, அவளை ஏற்றுமுன் அவன் பெட்டியைப் பின்சீற்றில் வைத்தான். வாய் எதிலும் அடைபடாதபடி நிமிர்த்தி, சீற் பெல்ற்றும் போட்டுவிட்டான்.